நான்கு எம்.பி. புடவை

ஒரு ஜவுளிக்கடை புதிதாக இணையதளம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைப் பையன் இருபது புடவைகளைக் கைப்பேசியில் படமெடுத்து, எடுத்த கையோடு தளத்தில் ஏற்றிவிடுகிறான். படம் ஒன்று சுமார் 4 எம்.பி. அந்த ஒரு பக்கத்தை முழுதாகப் பார்க்க 80 எம்.பி. டேட்டா செலவாகும். பேருந்தில் தொங்கிக்கொண்டே பார்க்கிற வாடிக்கையாளர், முதல் புடவையின் முந்தானை பாதி தெரிவதற்குள் வேறு கடைக்குப் போயிருப்பார்.

இணையப் பக்கங்களைக் கனக்க வைப்பது பெரும்பாலும் படங்கள்தான். எழுத்து ஒன்றும் பெரிய சுமையில்லை. இந்தக் கட்டுரையின் எழுத்து மொத்தமும் 25 கே.பி.க்குள் அடங்கிவிடும். பக்கத்தின் பிரதானப் பகுதி, பெரும்பாலும் ஒரு படம், இரண்டரை விநாடிக்குள் திரைக்கு வந்துவிட வேண்டும் என்று கூகுள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. 2021 முதல் தேடல் வரிசையை முடிவு செய்யும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எனவே, பக்கம் மெதுவாகத் திறந்தால் வந்தவர் போய்விடுவது மட்டுமல்ல, வரவேண்டியவர் கண்ணிலேயே கடை படாமல் போகலாம்.

பெரும்பாலான ஒளிப்படங்கள் இன்றும் ஜேபெக் வடிவில்தான் உலவுகின்றன. 1992இல் தரப்படுத்தப்பட்ட வடிவம் அது. அதன் உயிர்நாடியான கணக்கை முன்வைத்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் இதற்காக நிதி கேட்டார். கிடைக்கவில்லை. ‘யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது’ என்ற தொனியில் ஒரு மதிப்பீட்டாளர் குறிப்பு எழுதியதாக அகமதே பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் விடவில்லை. டி. நடராஜன், கே.ஆர். ராவ் இருவருடனும் சேர்ந்து 1974இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அந்த ‘எளிய’ யோசனையின் மேல்தான் உலகத்தின் கல்யாண ஆல்பங்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன.

ஜேபெக் செய்வது இதுதான். படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாக நறுக்குகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் வெளிச்சமும் நிறமும் எங்கே மெல்ல மாறுகின்றன, எங்கே சட்சட்டென்று மாறுகின்றன என்று எண்களாகப் பிரிக்கிறது. பிறகு, கண்ணுக்கு எளிதில் பிடிபடாத நுணுக்கங்களைத் துணிந்து தூக்கி எறிகிறது.

2010இல் கூகுள் கொண்டுவந்த வெப்பி வடிவம் வீடியோ சுருக்கும் நுட்பத்திலிருந்து பிறந்தது. ஒரு கட்டத்தை எழுதுமுன், இடப்புறமும் மேலேயும் உள்ள கட்டங்களைப் பார்த்து அது எப்படி இருக்கும் என்று ஊகிக்கிறது. ஊகத்துக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சேமிக்கிறது. ஒரே நிறத்தில் விரிந்து கிடக்கும் புடவை உடலில் ஊகம் பெரும்பாலும் பலித்துவிடும், சேமிக்க வேண்டியது குறைந்துவிடும். அதே தரத்தில் ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் வரை சிறிதாகும் என்பது கூகுளின் கணக்கு.

ஆனால் ஊர் ஏற்க வருடங்கள் ஆயின. 2013இல் ஃபேஸ்புக் சிலருக்கு மட்டும் படங்களை வெப்பியில் காட்டிப் பார்த்தது. படத்தை இறக்கி வைத்துக்கொண்டவர்கள், கணினியில் திறக்கவில்லையே என்று புலம்பித் தள்ளினார்கள். பிரவுசர்களில் ஃபயர்ஃபாக்ஸ் 2019இல்தான் இறங்கிவந்தது, ஆப்பிளின் சஃபாரி 2020இல். அதற்குள் அடுத்தவர் வாசலில் நின்றார். ஏவி1 வீடியோ நுட்பத்திலிருந்து 2019இல் உருவான ஏவிஃப், பல படங்களில் வெப்பியைவிடவும் சிறிதாகிறது. சுருக்க நேரம் அதிகம் எடுக்கும். அதை குரோம் 2020இலும், ஃபயர்ஃபாக்ஸ் 2021இலும், சஃபாரி 2022இலும் ஏற்றன.

இவ்வளவு சொன்னபிறகும் ஜவுளிக்கடைக்காரர் முதலில் செய்ய வேண்டியது வடிவ மாற்றம் அல்ல. கைப்பேசிப் படம் 4000க்கு 3000 பிக்சல், அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். திரையில் அந்தப் புடவைக்குக் கிடைக்கிற இடத்துக்கு 800க்கு 600 தாராளம், 4 லட்சத்து 80 ஆயிரம் புள்ளிதான். இருபத்தைந்தில் ஒரு பங்கு! மீதியை அனுப்புவது, ஒரு டம்ளர் காப்பி கேட்டவருக்கு அண்டாவையே தூக்கிக் கொடுப்பது போல. அளவைக் குறைத்தாலே 4 எம்.பி. படம் சில நூறு கே.பி.க்குள் வந்துவிடும். அதன்மேல் வெப்பியோ ஏவிஃபோ செய்வது உபரி லாபம். அளவைத் தொடாமல் வடிவத்தை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு ‘ஸ்பீடு பண்ணியாச்சு’ என்று பில் போடுகிறவர்கள் உண்டு, எச்சரிக்கை.

சில இடங்களில் கை வைக்குமுன் யோசிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்தது ஏற்கெனவே ஒருமுறை நசுக்கப்பட்டது. அதை மறுபடி சுருக்கினால் முகத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். விலைப்பட்டியல், திரைப்பதிவு போன்ற எழுத்துப் படங்களை இழப்போடு, அதாவது நுணுக்கங்களை எறிந்து, சுருக்கினால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்தாற்போல் ஆகும், மெய்யெழுத்தின் புள்ளி கரைந்தே போகலாம். அவற்றுக்கு பிஎன்ஜி வடிவம், அல்லது வெப்பியிலேயே உள்ள இழப்பில்லாத வகை சரி. நிறத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இழப்புள்ள வெப்பி, நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறம் என்ற கணக்கில்தான் நிறத்தைச் சேமிக்கும். அரக்குச் சிவப்புப் புடவையில் பச்சை பார்டர் சந்திக்கும் கோடு இதனால் லேசாகக் கசியும். பட்டுப்புடவை விற்பவருக்கு அந்தக் கோடுதான் பிழைப்பு. நிறத்தை முழுசாக வைத்துக்கொள்ளும் வசதி ஏவிஃபில் உண்டு, அவர் அதைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய பிரவுசர் வைத்திருப்பவர் பாடு? அதற்கும் வழி இருக்கிறது. ஒரே படத்தை ஏவிஃப், வெப்பி, ஜேபெக் என்ற வரிசையில் மூன்றாகத் தளத்தில் கொடுத்துவிட்டால், பிரவுசர் தனக்குத் தெரிந்த முதல் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். வேர்ட்பிரஸில் தளம் வைத்திருப்பவர்கள் 2021 முதல் வெப்பியையும், 2024 முதல் ஏவிஃபையும் நேரடியாகவே ஏற்றலாம்.

காசு செலவில்லாமல் பார்த்துவிட விரும்புகிறவர்கள் கூகுளின் ஸ்க்வூஷ் தளத்தைத் திறந்து ஒரு புடவைப் படத்தைப் போடட்டும். மூலமும் சுருக்கியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், நடுவில் உள்ள கோட்டை இழுத்து இழுத்து ஒப்பிடலாம். சுருக்கும் வேலை நம் கணினியிலேயே நடப்பதால் படம் வெளியே போவதில்லை. வெப்பிக்குத் தர எண் 75இல் தொடங்கி, பார்டர் கெடும்வரை இறக்கி, ஒரு படி மேலே வந்து நிறுத்துங்கள். ஒரு வடிவத்தின் 75உம் இன்னொன்றின் 75உம் ஒன்றல்ல என்பதால் வடிவத்துக்கு வடிவம் கண்ணால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் எடுத்த மூலப்படங்களை மட்டும் தனியே ஒரு ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக வைத்துவிடுங்கள். சுருக்கியதிலிருந்து அவற்றைத் திரும்பப் பெற முடியாது.