நொண்டும் குதிரைக்கு அதன் ரத்தமே மருந்து!

பந்தயக் குதிரையின் எடை சுமார் 500 கிலோ. நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது, ஒரு கணம், அத்தனை பாரமும் ஒரே முன்னங்காலில் விழும். மூட்டு தேயாமல் என்ன செய்யும்?

மூட்டு வீங்கினால் குதிரை நொண்டும். நொண்டிக் குதிரையை எத்தனை முதலாளிகள் வைத்துத் தீனி போடுவார்கள்? துப்பாக்கிக் குண்டோடு முடிந்த கதைகள் உண்டு.

இப்போது ஒரு புதுமையான வைத்தியம் நடக்கிறது. மருந்து, அந்தக் குதிரையின் உடம்பிலேயே ஓடுகிறது!

பூட்டும் சாவியும்

மூட்டு கெடும்போது அங்கே 'இன்டர்லூகின்-1' என்ற பொருள் ஊறுகிறது. இது ஒரு சாவி மாதிரி. மூட்டின் உயிரணுக்களில் இதற்கென்று பூட்டு இருக்கிறது. சாவி நுழைந்தால் வீக்கமும் வலியும் வரும். எலும்பின் முனையைக் காக்கும் குருத்தெலும்பு அரிக்கும்.

ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் இன்னொரு சாவியும் செய்கின்றன. இது பூட்டில் போய் அடைத்துக்கொள்ளும், ஆனால் திறக்காது. கெட்ட சாவி வெளியே நிற்க வேண்டியதுதான்!

இந்த நல்ல சாவி போதிய அளவு ஊறுவதில்லை. அதைப் பெருக்கும் வழியை 1990-களில் ஜெர்மனியின் டூசல்டார்ப் நகரில் கண்டார்கள்.

கண்ணாடி மணிகள்

குதிரையின் கழுத்திலிருந்து சுமார் 50 மில்லி ரத்தம் எடுக்கிறார்கள். ஊசிக்குழலுக்குள் சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள் கிடக்கும். 37 டிகிரி சூட்டில் ஒரு நாள் வைக்கிறார்கள். மணிகளில் பட்ட வெள்ளை அணுக்கள் நல்ல சாவியைச் செய்து தள்ளுகின்றன. பிறகு இயந்திரத்தில் சுழற்றினால் சீரம் தெளியும். அதை வாரம் ஒரு முறை, சில வாரங்கள், மூட்டுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள். மிச்சத்தை உறைய வைக்கிறார்கள்.

பலிக்கிறதா? அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக நிபுணர்கள் 16 குதிரைகளைச் சோதித்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். எட்டுக்குச் சீரம், எட்டுக்கு மருந்தில்லாத ஊசி. சீரம் போட்டவற்றின் நொண்டல் குறைந்தது. மற்றவற்றுக்குக் குறையவில்லை.

ஆனால் தேய்ந்துபோன குருத்தெலும்பை இந்தச் சீரம் புதிதாக முளைக்க வைக்காது. இங்கேதான் ஆபத்து. வலி அடங்கியதும் "ஓடட்டும்" என்று அவசரப்படும் முதலாளிகள் இருக்கிறார்கள். பாவம், வாயில்லாப் பிராணி! அதற்காகப் பேச வேண்டியவர் கால்நடை டாக்டர்தான். அவர் காலை மடக்கி ஒரு நிமிடம் பிடித்துக்கொள்வார். பிறகு விட்டு, கெட்டித் தரையில் ஓட்டிப் பார்ப்பார். நொண்டினால், பந்தயம் இல்லை, லாயத்தில் ஓய்வு.