மிளகாய்ப் பூ கொட்டுகிறதா? முதலில் கிணற்று நீரைக் கவனியுங்கள்

வீட்டுத் தோட்டத்து மிளகாய்ச் செடி நன்கு பூத்தும் காய் பிடிக்காமல் பூவெல்லாம் கொட்டிவிடுவது உண்டு. தேனீ வராததே இதற்குக் காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் காரணம் பெரும்பாலும் வேறு.

மிளகாய்ப் பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. தன் மகரந்தத்தாலேயே அது காய்க்கும். தேனீ வந்தால் காய்ப்பு கூடும். வராவிட்டாலும் இலேசான காற்றே போதும். காற்றோட்டமில்லாத முற்றத்தில், காலை 8 மணி முதல் 10 மணிக்குள் செடியின் தண்டை விரலால் மெதுவாகத் தட்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து சேரும்.

காரணம் அறிவது எப்படி?

காய் பிடித்தும் சிறுத்துக் கோணலாகி, உள்ளே விதை குறைவாக இருந்தால் மகரந்தச் சேர்க்கை போதவில்லை எனலாம். பங்குனி, சித்திரையில் மட்டும் பூ கொட்டினால் காரணம் வெயில். இலை ஓரம் கருகி, மண்மேல் வெள்ளைப் பொருக்கும் படிந்திருந்தால் காரணம் உப்பு நீர். மண் ஈரமாக இருந்தாலும் உப்பு மிகுந்தால் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. வாடும் செடி முதலில் பூவைத்தான் உதிர்க்கும்.

தோல் கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் உப்பு, கழிவு நீரோடு பாலாற்றுப் படுகையில் பல ஆண்டுகளாகச் சேர்ந்துள்ளது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்ததாக, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் நடத்திய முதற்கட்ட ஆய்வு தெரிவித்ததை, 1996 ஆகஸ்ட் 28-இல் வெளியான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எடுத்துக் கூறியது. மண்ணின் உப்பு நிலை 1.5 டெசிசைமனைத் தாண்டினால், அதற்குமேல் கூடும் ஒவ்வோர் அலகுக்கும் மிளகாய் விளைச்சல் சுமார் 14 சதம் குறையும்.

செய்ய வேண்டியவை

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரால் பாட்டிலைக் கழுவி, அரை லிட்டர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துச் சோதிக்க வேண்டும். நீர் உப்பாக இருந்தால் கூரையில் விழும் மழை நீரைத் தொட்டியில் சேமித்துப் பூக்கும் பருவத்தில் ஊற்றலாம். கழிவு கலந்த நீரை எக்காரணம் கொண்டும் பாய்ச்சக் கூடாது. அடியில் துளையிட்ட சாக்கிலோ தொட்டியிலோ நல்ல மண்ணும் மக்கிய தொழு உரமும் நிரப்பிச் செடி வைக்கலாம். மழைக் காலத்தில் நல்ல நீர் ஓடி வடிந்தால் தேங்கிய உப்பும் கழுவப்படும்.

புரட்டாசியில் நாற்று விட்டு ஐப்பசிக் கடைசியில் நட்டால் மார்கழி, தைக் குளிரில் பூக்கும். வடகிழக்குப் பருவ மழையால் கிணற்று நீரின் உப்பும் அப்போது சற்றுத் தணிந்திருக்கும். பூ உதிர்வது நிற்காவிட்டால், 4.5 சத நாப்தலின் அசிட்டிக் அமில மருந்தை 4.5 லிட்டர் நீருக்கு 1 மி.லி. வீதம் கலந்து, நட்ட 60, 90-ஆம் நாட்களில் தெளிக்கலாம். அளவு கூடக் கூடாது.

விதைக்கு விடும் செடியில் மட்டும் தேனீயைத் தடுக்க வேண்டும். பக்கத்தில் வேறு ரக மிளகாய் இருந்தால் கலப்பு ஏற்படும். மொட்டு விரியுமுன் மெல்லிய துணிப்பையால் மூடி, காய் பிடித்ததும் பையை நீக்கி, காம்பில் நூல் கட்டி அடையாளம் வைக்கலாம். அந்தப் பழத்து விதையே அடுத்த ஆண்டுக்கு ஏற்றது.