கம்ப்யூட்டரை முடக்கிய குட்டி டப்பா

கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டு இருக்கும். திடீர் என்று அணைந்துவிடும். போட்ட கணக்கு எல்லாம் அம்போ! சற்று நேரத்தில் அதுவாகவே உயிர் பெறும்.

2002-ம் ஆண்டு வாக்கில் பல நாடுகளில் மேஜைக் கம்ப்யூட்டர்கள் இப்படிப் படுத்த ஆரம்பித்தன.

"வைரஸ்" என்றார்கள் சிலர். "கரண்டு கோளாறு" என்றார்கள் சிலர். மெமரியை மாற்றினார்கள். டிஸ்க்கை மாற்றினார்கள். பணம்தான் கரைந்தது.

பெட்டியைத் திறந்து உற்றுப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது.

உள்ளே "மதர்போர்டு" என்ற பெரிய பலகை இருக்கிறது. அதில் சுண்டுவிரல் நுனி அளவில் உருளை டப்பாக்கள் நிற்கும். அவைதான் கெபாசிட்டர்கள். மின்சாரத்தைச் சீராக்கித் தருவது அவற்றின் வேலை.

அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். ஆனால், பூரி மாதிரி உப்பி இருந்தது! சிலவற்றில் பழுப்பு நிறக் கசிவு வேறு.

காரணம் என்ன?

டப்பாவுக்குள் இருந்த திரவம் சரியான கலவை அல்ல. அது அலுமினியத்தை அரித்தது. ஹைட்ரஜன் வாயு உண்டாகி, டப்பாவை உப்ப வைத்தது. கலவையின் ரகசியத்தை யாரோ அரைகுறையாகத் திருடியதாக ஒரு கதையும் உலவியது. அது நிரூபணம் ஆகவில்லை.

நல்ல கெபாசிட்டரும் சூட்டில் சீக்கிரம் கெடும். 10 டிகிரி சூடு ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதி!

பழைய கம்ப்யூட்டர் காரணம் இல்லாமல் அணைகிறதா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். உப்பிய தலை தெரிந்தால் ரிப்பேர்காரரிடம் காட்டுங்கள். சாமான் சில ரூபாய்தான். கூலி தனி.

பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் "ஷாக்" காத்திருக்கும்!