லிங்கர் திட்டினால் வாயை அடைக்காதீங்க

இன்னைக்கு நாம பேசப்போறது 'மல்டிபிள் டெஃபினிஷன்' எர்ரர்.

நான் வேலை பார்த்தது ஒரு மோட்டார் கன்ட்ரோலர் போர்டில். கார்டெக்ஸ்-எம்4 சிப், நாங்களே எழுதின சின்ன மேத் லைப்ரரி. ஜிசிசி 9-லிருந்து 10-க்கு மாறினோம். கோடில் ஒரு வரிகூட மாத்தலை. ஆனா 'பஃப்' என்ற பெயர் ரெண்டு இடத்தில் இருக்குன்னு லிங்கர் நின்னுடுச்சு.

காரணம் இதுதான். சி-யில் குளோபல் வேரியபிளுக்கு ஆரம்ப மதிப்பு கொடுக்காம விட்டா, பழைய ஜிசிசி அதை 'காமன்' என்று குறித்து வைக்கும். ஒரே பெயரில் நாலு ஃபைலில் இருந்தாலும், லிங்கர் சத்தமில்லாம ஒரே மெமரி இடத்தைக் கொடுத்துவிடும். 2020-ல் வந்த ஜிசிசி 10, 'நோ-காமன்' என்பதையே டிஃபால்ட் ஆக்கியது.

பழையபடி 'எஃப்-காமன்' ஃப்ளாக் போட்டா ஒரு நிமிஷத்தில் பில்ட் ஆகிடும். போடப் போனேன். பக்கத்தில் இருந்த சீனியர் கேட்டார்: "அந்தப் பேரை யார் யார் வெச்சிருக்காங்கன்னு பார்த்தியாப்பா?"

பார்த்தேன். ஃபில்டர் ஃபைலில் 'பஃப்' 64 ஃப்ளோட். பழைய சாம்பிள்கள் அதில்தான் இருக்கு. எஃப்எஃப்டி ஃபைலில் இன்னொரு 'பஃப்', 128 ஃப்ளோட். ரெண்டும் இத்தனை நாளா ஒரே இடம்! எஃப்எஃப்டி ஓடும்போதெல்லாம் ஃபில்டரின் சாம்பிள்கள் அழிஞ்சிருக்கு. மோட்டார் அப்பப்போ துள்ளினதுக்கு நாங்க சென்சாரைக் குறை சொல்லி கேபிள் மாத்திட்டு இருந்தோம்.

அதனால முதலில் 'என்எம்' கமாண்டில் ஆப்ஜெக்ட் ஃபைல்களைப் பாருங்க. பெயருக்குப் பக்கத்தில் 'யூ' என்றால் அந்த ஃபைல் வேரியபிளை வெளியிலிருந்து கேட்கிறது. 'பி' என்றால் அதற்கான இடம் அங்கேயே இருக்கிறது.

அந்த ஃபைலுக்கு மட்டுமான வேரியபிளா? 'ஸ்டேட்டிக்' போடுங்க. எங்களுக்கு அதுதான் தீர்வு. எல்லாருக்கும் பொதுவா? ஹெடரில் 'எக்ஸ்டெர்ன்' மட்டும், டெஃபினிஷன் ஒரே ஒரு சி ஃபைலில். இன்க்ளூட் கார்டு இங்கே காப்பாத்தாது. அது ஒரு ஃபைலுக்குள் ஹெடர் ரெண்டு தடவை வருவதைத்தான் தடுக்கும்.

சைன் டேபிளை ஹெடரிலேயே 'ஸ்டேட்டிக் கான்ஸ்ட்' ஆக்கினால் எர்ரர் போகும். ஆனா 512 ஃப்ளோட் என்றால் 2 கேபி. நாலு ஃபைல் பயன்படுத்தினா ஃப்ளாஷில் 8 கேபி வரை போயிடும்.

மோட்டார் இப்போ துள்ளுறதில்லை. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.