கைக்கேற்ற பொத்தான்

பசறைத் தோட்டமொன்றில் விரல்களில் வலுக்குறைந்த 12 வயதுப் பிள்ளையொருத்தி இருக்கிறாள். தம்பி கைபேசியில் விளையாடுவான், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2018இல் இத்தகையோருக்காக இரண்டு பெரிய பொத்தான்கள் கொண்ட விளையாட்டுக் கருவியொன்றை வெளியிட்டது. தோட்டச் சம்பளத்தில் அதை வாங்க முடியுமா? நாமே செய்வோமென்று தொடங்கினோம். வயர் வேலை எனக்கும் புதிதுதான்.

காசு போட்டு விளையாடும் இயந்திரங்களில் வரும் 30 மில்லிமீற்றர் பொத்தான்களை வாங்கினோம். ஒவ்வொன்றின் அடியிலும் சிறு சுவிட்ச் உண்டு. அழுத்தியதும் மின்சுற்று இணையும். வயர்வழியே சிறு மின்பலகை அதை அறிந்து, யூஎஸ்பி மூலம் கணினிக்குச் சொல்லும். வயர்களைச் செருகினால் போதும், ஈயம் உருக்கும் வேலையில்லை.

"கரண்டு அடிச்சிருமா மிஸ்?" என்று தாய் பயந்தார். அதில் வருவது 5 வோல்ட்தான் என்றபின்பே பிள்ளையைத் தொடவிட்டார்.

பழைய பலகையில் துளையிடுமுன் அவளைக் கைவைக்கச் சொன்னோம். உள்ளங்கை விழுந்த இடத்தில் இரண்டு, முழங்கை பட்ட இடத்தில் ஒன்று. கடையில் விற்கும் சாதாரண விளையாட்டுக் கருவிகளில் முழங்கைக்கென்று இடமிருக்காது!

பந்து விளையாட்டில் தம்பி இருமுறை தோற்றுவிட்டான். அவளோ, இதே பொத்தான்களால் எழுத்தும் அடிக்கலாமா என்று கேட்கிறாள். அடிக்கலாம், பொத்தானுக்கு எழுத்தை ஒதுக்கித்தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.