முந்நூறு வெள்ளிக்காசும் இரண்டு செப்புக்காசும்

தவக்காலத்தில் வகுப்பறை மேசைமீது உண்டியல் வைக்கப்பட்டதும் நாம் என்ன செய்கிறோம்? பையைத் துழாவி, எது போனாலும் வருத்தமில்லையோ அந்தக் காசைப் போடுகிறோம். நானும் அப்படித்தான் செய்து வந்தேன். இவ்வாண்டு மாற்கு நற்செய்தியை வாசித்தபோது அந்தப் பழக்கம் என்னை உறுத்தியது.

பாஸ்கா விழாவுக்குச் சில நாட்களே இருந்தன. யெருசலேமுக்கு அருகே பெத்தானியாவில் ஒரு விருந்து. அங்கே ஒரு பெண் நார்து என்னும் நறுமணத் தைலத்தை இயேசுவின்மேல் ஊற்றினாள். அவள் இலாசரின் சகோதரி மரியாள் என்கிறார் அருளப்பர். சிமிழையே உடைத்து ஊற்றினாள் என்கிறார் மாற்கு. உடைத்த சிமிழில் மிச்சம் வைக்க முடியாதல்லவா?

தைலத்தின் மதிப்பு 300 வெள்ளிக்காசுக்கும் மேல். திராட்சைத் தோட்ட உவமையில் ஒருநாள் கூலி ஒரு வெள்ளிக்காசு. ஓய்வு நாட்களை நீக்கினால், இது ஒரு கூலியாளின் ஓராண்டு உழைப்பு! ஏன் இவ்வளவு விலை? நார்துச் செடி இமயமலைச் சரிவுகளில் வளர்வது. நாட்டு மருந்துக் கடையில் சடாமாஞ்சில் என்று கேட்டால் தருகிறார்களே, அந்த வேர்தான் அது என்பர் அறிஞர். கங்கைப் பகுதியிலிருந்து வந்த இச்சரக்கு சேரநாட்டு முசிறியில் கப்பலேறியதை முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகர் ஒருவரின் கடற்பயணக் குறிப்பு தெரிவிக்கிறது. நம் பாட்டிமார் கூந்தல் தைலத்தில் சேர்க்கும் வேருக்கு எத்தகைய பெருமை!

இதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று அங்கிருந்தோர் முணுமுணுத்தனர். இது நியாயமான கேள்வியென்றே எனக்குத் தோன்றுகிறது. யூதாசு கேட்டான் என்பதற்காக அதைத் தள்ளிவிட முடியாது. பீடத்தில் பொற்கிண்ணத்தை வைத்துவிட்டுப் பசித்திருக்கும் கிறிஸ்துவைக் கைவிடலாமா என்று 4ஆம் நூற்றாண்டில் புனித கிறிசோஸ்தோமும் தம் மக்களைக் கடிந்துகொண்டார். ஆயினும் இயேசு அப்பெண்ணின் பக்கமே நின்றார். தம் அடக்கத்திற்காக அவள் இதைச் செய்தாள் என்றார். ஏழைகளுக்கு நீங்கள் விரும்பும்போதெல்லாம் உதவலாமே என்றும் சொன்னார். முணுமுணுத்தவர்களில் ஒருவராவது தம் பணப்பையைத் திறந்ததாக நற்செய்தியில் இல்லை!

அதே வாரத்தில்தான் ஏழை விதவை ஒருத்தி கோவில் காணிக்கைப் பெட்டியில் இரண்டு செப்புக்காசுகளைப் போட்டாள். இரண்டும் சேர்ந்தால் ஒரு வெள்ளிக்காசில் 64இல் ஒரு பங்கு. அப்படியானால் மரியாளின் தைலம் அதைப்போல் 19,200 மடங்கு. கணக்கில் கெட்டிக்காரிகள் சரிபார்த்துக்கொள்ளலாம். இயேசு இருவரையும் பாராட்டினார். விதவையிடம் இருந்தவை இரண்டு காசுகள். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் முடிந்துகொள்ளவில்லை.

இக்கணக்கை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அரிசி களைந்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து, "அன்று இரவு அவள் என்ன சாப்பிட்டிருப்பாள்?" என்றார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.