கப்பல் எந்த முனையத்தில்? தெரிந்துகொண்டு அறை எடுங்கள்

1983 ஜனவரி 29 அன்று சிங்கப்பூரின் கெப்பல் துறைமுகத்திலிருந்து எனிவெடோக் என்ற எண்ணெய்த் துரப்பணக் கப்பலை வெளியே இழுத்துச் சென்றுகொண்டிருந்தார்கள். அதன் நடுவில் நின்ற உயரமான இரும்புக் கோபுரம், செந்தோசா தீவுக்குக் கடலின் மேலே ஓடும் கேபிள் கார் வடத்தில் சிக்கியது. இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். மற்ற பெட்டிகளில் அந்தரத்தில் மாட்டிக்கொண்ட 13 பேரை ஹெலிகாப்டர்கள் மீட்டன. அந்த மீட்புப் பணிக்குத் தலைமை தாங்கிய ராணுவ அதிகாரி லீ சியன் லூங், பின்னாளில் நாட்டின் பிரதமரானார்.

அந்த கேபிள் கார் இன்றும் ஓடுகிறது. அதனால்தான் அதை ஒட்டி ஹார்பர்ஃபிரண்டில் இருக்கும் சிங்கப்பூர் க்ரூஸ் சென்டர் முனையத்துக்கு 52 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கப்பல்கள் வர முடிவதில்லை. இன்றைய சொகுசுக் கப்பல்களோ அடுக்குமேல் அடுக்காக வளர்ந்துகொண்டே போகின்றன. அவற்றுக்காக, கடலைத் தூர்த்து உருவாக்கிய மரீனா சவுத் நிலத்தில், உயரக் கட்டுப்பாடு இல்லாத இன்னொரு முனையம் 2012-இல் திறக்கப்பட்டது. அதன் பெயர் மரீனா பே க்ரூஸ் சென்டர் சிங்கப்பூர். டாக்ஸியில் ஏறி ‘க்ரூஸ் சென்டர்’ என்று மட்டும் சொன்னால் எங்கே போய் இறங்குவோம் என்பது ஓட்டுநரின் ஊகத்தைப் பொறுத்தது.

சென்னை, திருச்சி, மதுரை, கோவையிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்து, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் என்று மூன்று நான்கு இரவுகள் கப்பலில் போய்த் திரும்பும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. பலருக்கு இது பல ஆண்டுச் சேமிப்பு. அம்மா அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு என்று பிள்ளைகள் எடுத்துத் தருவதும் உண்டு. கப்பலில் எந்த அறை, பால்கனி வேண்டுமா என்று நாள் கணக்கில் யோசிப்பவர்கள், முதல் நாள் தங்கும் ஓட்டலை மட்டும் கடைசி நிமிடத்தில், விலையை மட்டும் பார்த்து எடுத்துவிடுகிறார்கள். பயணத்தின் முதல் பதற்றம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் நாளே போய்த் தங்கத்தான் வேண்டுமா? கட்டாயம் வேண்டும். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதை மூழ்கியது. மறுநாள் காலைதான் விமானங்கள் மீண்டும் பறந்தன. அடுத்த ஆண்டு நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோதும் விமான நிலையம் மூடப்பட்டது. வடகிழக்குப் பருவமழையும் அரையாண்டு விடுமுறையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. நம்மவர்கள் கப்பலுக்குக் கிளம்பும் காலமும் அதுவே. விமானம் தாமதமானால் அடுத்த விமானம் உண்டு. கப்பல் காத்திருக்காது. பயணிகளைப் பதிவு செய்யும் கவுன்ட்டரைப் பொதுவாகக் கப்பல் புறப்படுவதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். விட்ட கப்பலை அடுத்த துறைமுகத்தில் போய்ப் பிடிக்க நினைத்தால், அந்த நாட்டுக்குள் நுழையும் அனுமதி, விமானக் கட்டணம், கப்பல் நிறுவனத்தின் சம்மதம் மூன்றும் வேண்டும். அதற்கு முன்னால் ஓர் இரவு ஓட்டல் வாடகை பெரிய செலவே இல்லை.

சரி, எங்கே தங்குவது? ‘முனையத்துக்கு மிக அருகில்’ என்றுதான் மனம் முதலில் தேடும். மரீனா முனையத்தைப் பொறுத்தவரை அந்தத் தேடல் ஏமாற்றிவிடும். அதைச் சுற்றித் தங்கும் விடுதிகளே இல்லை. படகுத்துறையும் அகலச் சாலைகளும் வெற்று நிலமும்தான். வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் பெரிய ஓட்டல், மூன்று கோபுரங்களின் தலையில் கப்பல் போன்ற தோட்டத்தைச் சுமந்து நிற்கும் மரீனா பே சாண்ட்ஸ். அங்கே ஓர் இரவு தங்கும் செலவு, சில குடும்பங்களுக்குக் கப்பல் கட்டணத்தையே தொட்டுவிடும். அங்குள்ள நீச்சல் குளத்தில் குளிப்பதுதான் ஆசை என்றால் தாராளமாகப் போகலாம். கப்பலுக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

தொலைவைவிட ரயில் தடத்தைப் பார்த்து அறை எடுப்பதுதான் இந்த ஊருக்குப் பொருந்தும். மரீனா முனையத்துக்கு அருகே, சிவப்புத் தடத்தின் கடைசி நிலையமாக மரீனா சவுத் பியர் இருக்கிறது. 2014-இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்திலிருந்து முனையத்துக்கு நடந்தே போகலாம். ஆகவே சிவப்புத் தடத்தில் எந்த நிலையத்தை ஒட்டித் தங்கினாலும் வண்டி மாறாமல் நேரே போய் இறங்கலாம். சிட்டி ஹாலிலிருந்து மூன்றாவது நிறுத்தம், ஆர்ச்சர்டிலிருந்து ஆறாவது. இன்னும் வடக்கே நியூட்டன், நோவினா பக்கம் போனால் மரீனா பகுதியைவிட வாடகை இறங்கும்.

கப்பல் ஹார்பர்ஃபிரண்டிலிருந்து கிளம்புகிறது என்றால் கணக்கே மாறுகிறது. இது ஊதாத் தடத்தின் முனை. விவோசிட்டி என்ற பெரிய வணிக வளாகம் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் மூன்றாம் மாடியிலிருந்து செந்தோசாவுக்கு மோனோரயில் ஓடுகிறது. முதல் நாளை யுனிவர்சல் ஸ்டூடியோவில் கழிக்கப் போகும், சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குச் செந்தோசாவிலேயே தங்குவது பொருத்தம். மறுநாள் பாலத்தைத் தாண்டினால் முனையம்.

ஊதாத் தடத்தில்தான் லிட்டில் இந்தியாவும் இருக்கிறது. ஹார்பர்ஃபிரண்டுக்கு ஐந்தாவது நிறுத்தம். மரீனா முனையம் என்றால் ஒரு நிறுத்தம் போய் தோபி காட்டில் சிவப்புத் தடத்துக்கு மாற வேண்டும். சாங்கி விமான நிலையத்திலிருந்து வருவதும் எளிது: எக்ஸ்போவில் நீலத் தடத்துக்கு ஒரே ஒரு முறை மாறினால் லிட்டில் இந்தியாவிலேயே இறங்கலாம். ஆக, எந்த முனையமானாலும் தமிழ்க் குடும்பத்துக்கு ஒரே பதில் சொல்லச் சொன்னால் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையைத்தான் சொல்ல வேண்டும்.

காரணம் சாப்பாடு மட்டும் இல்லை, என்றாலும் சாப்பாடு பெரிய காரணம். இரவு விமானத்தில் தூங்காமல் வந்த பெரியவர்களுக்குக் காலையில் இட்லியும் காபியும் கிடைப்பது அரைப் பங்கு களைப்பைத் தீர்த்துவிடும். 1924-இல் தொடங்கிய ஆனந்த பவனும் 1947-இல் தொடங்கிய கோமள விலாஸும் சைவச் சாப்பாட்டுக்கு இருக்கின்றன. அசைவத்துக்குத் தேக்கா சந்தையின் உணவுக் கடைகள். வீரமாகாளியம்மன் கோயில் நடக்கும் தூரம். பெருமாள் கோயில் ஃபேரர் பார்க் பக்கம். மறந்துவிட்ட சார்ஜரோ, வாந்தி மாத்திரையோ வேண்டுமென்றால் முஸ்தஃபா கடை இரவு வெகுநேரம் திறந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வழி தெரியாமல் நிற்கும் ஒரு பாட்டி தமிழிலேயே கேட்டுப் பதிலும் தமிழிலேயே பெறலாம். தமிழ் இந்த நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று.

குறைகளும் உண்டு. ஞாயிறு மாலை அங்கே தெருக்கள் நிரம்பி வழியும். வாரம் முழுக்கக் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் நம் ஊர்த் தொழிலாளர்களுக்கு ஊர்க்காரர்களைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே நாள் அது. அந்த நேரத்தில் டாக்ஸி தேடி நிற்காமல் ரயிலில் ஏறிவிடுவது நல்லது. இன்னொன்று, அங்குள்ள சிறு ஓட்டல்களில் அறைகள் மிகச் சிறியவை. பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடம் இருக்காது. சில அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. வாடகை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் அறை விவரத்தில் ஜன்னல் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நெரிசல் வேண்டாம் என்பவர்களுக்கு சைனாடவுன் ஒத்துவரும். ஹார்பர்ஃபிரண்டுக்கு அங்கிருந்து இரண்டே நிறுத்தம். பெயர்தான் சைனாடவுன், 1827-இல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. மிக மலிவான அறைகளுக்கு கேலாங் பகுதியை இணையம் காட்டும். அதன் சில சந்துகள் சிவப்பு விளக்குப் பகுதி என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம்.

ஐந்தாறு பேர் போகிறோம், ஒரு வீட்டையே எடுத்துக்கொள்ளலாமே என்ற யோசனை வந்தால் அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். சிங்கப்பூரில் தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும், அரசு அடுக்குமாடி வீடுகளை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். ஓரிரவுக்கு வீடு என்று யாராவது விளம்பரம் செய்தால் அது விதியை மீறிய இடம். புகார் எழுந்து வெளியேற நேர்ந்தால், கப்பலுக்கு முந்தைய இரவு பெட்டிகளோடு தெருவில் நிற்க வேண்டியிருக்கும்.

விலைப் பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 9 சதவீத வரியும் அதற்கு மேல் சேரும் என்று பொருள். தேதியும் முக்கியம். 2008 முதல் மரீனா பே சாலைகளில் ஃபார்முலா ஒன் கார் பந்தயம் நடக்கிறது. பொதுவாக செப்டம்பரில் அல்லது அக்டோபரில் வரும் அந்த வார இறுதியில் வாடகை எகிறும்; சிட்டி ஹால், மரீனா பகுதிகளில் சாலைகளை அடைத்துவிடுவார்கள். அந்த நாட்களில் கப்பல் ஏறுபவர்கள் வேறு பக்கம் தங்கி ரயிலில் போவதே பாதுகாப்பு.

பலரும் யோசிக்காத விஷயம் நேர இடைவெளி. நம் ஊரிலிருந்து நள்ளிரவில் கிளம்பும் விமானங்கள் விடிகாலையில் சாங்கியில் இறங்கும். ஓட்டல் அறையோ பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். முதியவர்களோ கைக்குழந்தையோ உடன் இருந்தால், முந்தைய இரவிலிருந்தே அறையை எடுத்துவிடுவது பணத்தை வீணாக்குவது ஆகாது. மற்றவர்கள் பெட்டிகளை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டு ஊர் சுற்றலாம். அந்த வசதி உண்டா என்று முன்பே மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது. கப்பல் ஏறும் நாளில் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டு மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். கப்பலில் ஏறக் குறித்துத் தந்த நேரம் பிற்பகல் மூன்று என்றால், நடுவில் உள்ள நேரத்தில் பெட்டிகள் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

முனையத்துக்குப் போகும் வழியையும் பெட்டிகள்தான் தீர்மானிக்கும். நாலு பேர், நாலு பெரிய பெட்டி என்றால் சாதாரண டாக்ஸியில் அடங்காது. ஆறேழு பேர் அமரும் மேக்ஸிகேபை முதல் நாள் இரவே சொல்லி வைக்கலாம். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகளுக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம். டாக்ஸிகளுக்கு இதில் விலக்கு உண்டு, செயலி மூலம் அழைக்கும் தனியார் வாடகைக் கார்களுக்குக் கிடையாது. குழந்தையைப் பார்த்ததும் ஓட்டுநர் ஏற்ற மறுத்தால் அவர்மீது குற்றமில்லை. ரயிலில் போவதென்றால் ஒவ்வொருவரும் தன் பெட்டியைத் தானே இழுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். தோபி காட்டில் தடம் மாற நீண்ட நடையும் நகரும் படிகளும் உண்டு. முதியவர்களோடு போகிறவர்கள் மின்தூக்கி எங்கே என்று தேடிப் போக வேண்டும்.

பயணம் முடிந்து கப்பல் பெரும்பாலும் காலையில் கரை சேரும். ஊர் திரும்பும் விமானம் இரவில் என்றால் நேரே சாங்கிக்குப் போய்ப் பெட்டிகளை அங்குள்ள பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டு ஜுவல் வளாகத்தில் பகலைக் கழிக்கலாம். விமானம் மறுநாள் விடிகாலை என்றால் விமான நிலைய ஓட்டலிலேயே தங்குவது வசதி. நகருக்குள் தங்கினால் ஐந்தரை மணிக்குத் தொடங்கும் முதல் ரயில் உதவாது. அறை எடுக்கும்போதே விசாவையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். கப்பல் வேறு நாட்டுக்குப் போய்த் திரும்புவது இரண்டாம் முறை சிங்கப்பூருக்குள் நுழைவதாகவே கணக்கு. பலமுறை நுழையும் அனுமதி அதற்குத் தேவை. முதல் முறை நிரப்பிய வருகை அட்டை இரண்டாம் முறைக்குச் செல்லாது. கரை சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், கப்பலில் இருந்தபடியே இணையத்தில் புதிதாக நிரப்ப வேண்டும்; அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.